காட்டு விலங்கு ஆய்விலேயே காலம் தள்ளுபவர்களின் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

"தினமும் காட்டு மிருகங்களுக்கு நடுவே இருப்பது எப்படிப்பட்ட அனுபவம், அந்தத் துறைக்கு வரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதியைக் கொஞ்சம் திருத்த வேண்டும். இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டங்கள் பக்கம் 24 வருடமாகச் சிறுத்தை ஆய்வில் இருக்கிறேன். இத்தனை காலத்தில் சிறுத்தையை உயிரோடு என் கண்ணால் பார்த்தது 11 தடவை. அதில் 4 தடவை வாலை மட்டும்தான்.

மற்ற நாளெல்லாம் எச்சம் பொறுக்கினேன். வேலை கிடைத்ததை வீட்டில் சொன்ன அன்று அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: "கெம்பஸ் எல்லாம் போய்ப் படிச்சிட்டு, புலிப் பீ பொறுக்கவா போற?" சிறுத்தையை எங்கள் ஆட்கள் புலி என்றுதான் சொல்வார்கள். அம்மா கேட்டதில் பிழை ஒன்றும் இல்லை. காய்ந்த எச்சத்தைக் கடதாசிப் பையில் போட்டு, திகதியும் இடமும் எழுதி, கொண்டுவந்து சல்லடையில் கழுவினால் மயிர், எலும்புச் சில்லு, குளம்பு என்று மிஞ்சும். மயிரை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் தின்றது மரையா, கேளையாடா, முயலா என்று பிடித்துவிடலாம். முள்ளம்பன்றி முள்ளுக்கு நுணுக்குக்காட்டி வேண்டாம், விரலில் ஏறும். ஒரு தடவை நாய் மயிரோடு சிவப்பு நூல் துண்டு ஒன்று வந்தது. அதைத் தன் நாயின் கழுத்தில் கட்டிய பையன் எங்கள் லயத்துக்காரன், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் எங்களோடு இருப்பவன். அவனிடம் நான் சொல்லவில்லை.

அப்புறம் கேமரா. விலங்கு குறுக்கே போனால் தானாகப் படம் எடுக்கும் கேமராவை மரத்தில் கட்டிவிட்டு வருவோம். சிறுத்தையின் புள்ளிக் கோலம் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இராது. ஆனால் ஒரே சிறுத்தைக்கே இடப்பக்கக் கோலம் வேறு, வலப்பக்கக் கோலம் வேறு. அதனால் பாதையின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு கேமரா வேண்டும். முதல் வருடம் காசு மிச்சம் பிடிக்க ஒற்றைக் கேமராவாகக் கட்டி, 2 சிறுத்தையை 4 என்று எண்ணி, பெருமையாக அறிக்கையும் எழுதிக் கொடுத்தேன். அதைத் திருத்தி எழுதியபோது பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

"காட்டில் இருக்க வேண்டியது தோட்டத்துக்கு ஏன் வருகிறது?" என்று எல்லாரும் கேட்பார்கள். அது எங்கிருந்தும் வரவில்லை, இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக்காரன் முதலில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலையை மொட்டையடித்தான். 1873-ல் 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடக் கூடாது என்று உத்தரவு வந்ததால் உச்சிக் காடுகள் தப்பின. மேலே காடு, நடுவே தேயிலை, கீழே லயமும் மரக்கறித் தோட்டமும். இரவில் நம் ஆட்கள் நடக்கும் அதே தோட்டத்துப் பாதையில்தான் சிறுத்தையும் நடக்கிறது, அதற்கும் அதுதான் சுலபம். தேயிலைச் செடியைக் குட்டையாக வெட்டுவதுதான் கவ்வாத்து, தேயிலைப் பகுதி ஒவ்வொன்றையும் மலை என்போம். கவ்வாத்து வெட்டாத மலையில் செடி அடர்ந்து கிடந்தால் அடியில் குட்டிகூடப் போடும். கொழுந்து எடுக்கும் அக்காமார் "7ஆம் நம்பர் மலையில குட்டி கிடக்கு" என்று ஃபோன் பண்ணினால் நான் சொல்வது ஒன்றுதான்: தொடாதீர்கள், படம் எடுக்க நிற்காதீர்கள், அந்த மலையை இரண்டு நாள் விட்டுவிடுங்கள், தாய் வந்து தூக்கிக்கொண்டு போய்விடும். உண்மையில் எனக்குப் பாடம் சொன்னவர்களும் அவர்கள்தான். கேளையாடு குரைக்கும் விதத்தை வைத்துச் சிறுத்தை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று சொல்லும் காது அவர்களுக்கு உண்டு.

சண்டைக் காலத்துக் கதை ஒன்றும் சொல்கிறேன். இலங்கைச் சிறுத்தையின் விஞ்ஞானப் பெயர் பாந்தெரா பார்டஸ் கொட்டியா. கொட்டியா என்றால் சிங்களத்தில் சிறுத்தை. ஆனால் அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஊரெல்லாம் ஓர் அர்த்தம்தான்: விடுதலைப் புலி. 2007-ல் ஒரு சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்தார்கள். ஜிபிஎஸ் கருவி, மலைகளின் வரைபடம், பைனாகுலர், தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை. என்ன வேலை என்று கேட்டார்கள். "கொட்டியா பற்றி ஆய்வு" என்று நானும் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். 4 மணி நேரம் உட்கார வைத்தார்கள். கடைசியில் என்னைக் காப்பாற்றியது கடதாசிப் பையில் இருந்த எச்சம்தான். முகர்ந்து பார்த்தவர் உடனே போகச் சொல்லிவிட்டார்.

துறைக்கு வரலாமா என்றால், வரலாம், சம்பளத்தை நம்பி வராதீர்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத் திட்டம்தான். பணம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஒரு தடவை 14 மாதம் சும்மா இருந்தேன். ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் வகுப்பு எடுத்துத்தான் சமாளித்தேன். மூன்று மொழியும் வேண்டும்: அறிக்கை ஆங்கிலத்தில், அலுவலகக் கடிதம் சிங்களத்தில், மலையில் தமிழ். அட்டைக் கடி பழகிவிடும், முழங்கால் வலி பழகாது.

பழகாத இன்னொன்று கம்பி. காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டும். இடுப்பில் இறுகினால், இழுக்க இழுக்க உள்ளுறுப்பெல்லாம் நசுங்கும். வெளியே கீறல் மட்டும்தான் தெரியும். சுற்றிலும் சனம் கூடிக் கத்தினால் இன்னும் திமிறும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் மாட்டிய கருஞ்சிறுத்தையை உடவளவை வரை கொண்டுபோய்ச் சிகிச்சை கொடுத்தும் சில நாளில் இறந்துபோனது. இந்த வேலையில் நான் கையால் தொட்ட சிறுத்தைகளில் பாதிக்கு மேல் இப்படிச் செத்தவைதான்.

2014-ல் ஒருநாள் கேமரா மெமரி கார்டைக் கணினியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்றி, பன்றி, கேளையாடு, அடுத்த படத்தில் என் தாய்மாமன். விடிகாலை 4.40. தோளில் மோட்டார்சைக்கிள் பிரேக் கம்பிச் சுருள்.

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். மாமி பிளேன்டீ கொடுத்தார். "மாமா, அந்த ஓடைப் பக்கம் நம்ம கேமரா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் புலிக்கு நான் கம்பி வைக்கல புள்ள. பன்னி ஒரே ராத்திரியில ஆறு பாத்தி கிழங்கக் கிளறிருச்சி. அந்தக் காச நீ தருவியா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. பன்றி மேல் எனக்கும் கோபம்தான், ஆனால் பன்றியின் மயிரும் எச்சத்தில் எத்தனையோ தடவை வந்திருக்கிறது. சிறுத்தை போனால் அவர் கிழங்குக்கு இருக்கும் கொஞ்ச நஞ்சக் காவலும் போகும். அதை அந்த நேரத்தில் சொல்லத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் ஆறு பாத்தி திரும்பி வராது.

அடுத்த வாரம் ஓடைப் பக்கத்தில் கம்பி இல்லை. கொஞ்சம் மேலே ஏறித் தேடினேன், 3 கிடைத்தன, கழற்றிக்கொண்டு வந்தேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை. பதிவேட்டில் எந்தப் படத்தையும் விட முடியாது. அதனால் இனம் என்ற கட்டத்தில் "மனிதர்" என்றும், எண்ணிக்கையில் 1 என்றும் எழுதி வைத்தேன்.