மூடுபனிக்குப் புதுக் கேமரா வேண்டுமா?

கேள்வி: குன்னூரில் நான்கு அறைகள் கொண்ட சிறிய தங்கும் விடுதி நடத்துகிறேன். காலையில் தேயிலைச் சரிவில் இறங்கும் மூடுபனியைப் படம் எடுத்தால், கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிவது படத்தில் அழுக்குச் சாம்பலாக விழுகிறது. கோயம்புத்தூரில் ஒரு கடையில் காட்டினேன். கிட் லென்ஸோடு வந்த பழைய கேமராவால் இது முடியாது, ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் பெரிதாக இருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்குங்கள் என்கிறார்கள். லென்ஸோடு சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். வாங்கலாமா?

பதில்: இதற்காக வாங்க வேண்டாம். புதுக் கேமராவிலும் இதே சாம்பல் வரக்கூடும். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி, எதிரே நிற்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடுகிறது. காட்சி முழுவதும் வெண்பனி என்றால், வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்று எண்ணிக் குறைத்துவிடுகிறது. விலை கூடிய கேமராக்கள் இதை ஓரளவு ஊகிக்கும், ஆனால் முழுமையாக அல்ல.

உங்கள் கேமராவிலேயே கூட்டல், கழித்தல் குறி போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அதுதான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் வசதி. மெல்லிய பனிக்கு +0.7, எதிர்ச் சரிவே தெரியாத அடர்பனிக்கு +1.3 வரை ஏற்றிப் பாருங்கள். எடுத்தபின் ஹிஸ்டோகிராமைத் திறந்தால், இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் மலை போன்ற வரைபடம் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் வலது சுவரில் முட்டக் கூடாது. முட்டினால் அந்தப் பகுதியில் விவரம் போய்விட்டது என்று பொருள், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கைப்பேசியில் எடுப்பவர்கள் திரையைத் தொட்டதும் வரும் சூரியக் குறியை மேலே இழுத்தால் இதே வேலை நடக்கும்.

பனியில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். அது பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு வேண்டும். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் அடிமரத்தில் ஃபோகஸ் செய்து, பாதி அழுத்திய பொத்தானை விடாமல் சட்டகத்தை நகர்த்துங்கள். அந்த மரம் படத்துக்குள்ளும் இருக்கட்டும். அருகில் கருமையாக ஒன்று நின்றால்தான் பின்னால் இருப்பது பனி என்று பார்ப்பவருக்குப் புரியும். விடுதிகளின் விளம்பரப் படங்கள் பலவற்றில் வெறும் வெள்ளைத் திரைதான் தெரிகிறது. அதைப் பார்த்து யார் அறை பதிவு செய்வார்கள்?

வசதி இருந்தால், சென்சார் பதிவு செய்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா கோப்பாக எடுங்கள். வழக்கமான படக்கோப்பான ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் அளவில் தகவலைச் சுருக்கிவிடும். ரா பெரும்பாலும் 12 அல்லது 14 பிட் வைத்திருக்கும். பனியின் நுண்ணிய வெளிச்ச வேறுபாடுகள் திருத்தும்போது உடையாமல் இருக்க அந்தக் கூடுதல் தகவல் உதவும். திருத்த டார்க்டேபிள் என்ற கணினி மென்பொருள் இலவசம். கைப்பேசி என்றால் ஸ்னாப்சீட் செயலி போதும். முதலில் வொயிட் பேலன்ஸ், அதாவது படத்தின் நிறச் சாய்வு: நீலம் மிகுந்திருந்தால் சற்றே மஞ்சள் பக்கம் நகர்த்துங்கள். அடுத்து, கருமையான பகுதிகளை மட்டும் இன்னும் கொஞ்சம் கருமையாக்குங்கள். பனியை நீக்கும் டீஹேஸைத் தொடாமலிருப்பது நல்லது. பனியைப் படமெடுக்கப் போய்விட்டு அதையே துடைப்பானேன்? பச்சையையும் ஏற்றாதீர்கள். தேயிலை பிளாஸ்டிக் போலத் தெரியும்.

ஃபுல் ஃபிரேம் பயன்படும் இடம் வேறு: மாலை மங்கிய பின் சோலைக்குள், முக்காலி இல்லாமல் எடுக்கும்போது. உங்களுக்கு வேண்டியது இணையத்தில் போடும் படம். 4கே திரை ஒன்றை நிரப்பவே சுமார் 83 லட்சம் பிக்சல் போதும். உங்கள் பழைய கேமரா அதைத் தாண்டியே இருக்கும். செலவு செய்துதான் ஆகவேண்டும் என்றால் உறுதியான முக்காலி ஒன்றும், லென்ஸின் முன்னால் மாட்டும் சர்குலர் போலரைசர் ஃபில்டர் ஒன்றும் வாங்குங்கள். மழை நின்றதும் இலைமேல் அடிக்கும் வெள்ளைப் பளபளப்பைப் போலரைசர் குறைக்கும். அந்த வேலையை எந்த மென்பொருளும் சரியாகச் செய்வதில்லை. கடைக்காரர் கூடவே நீட்டும் யுவி ஃபில்டரால் படம் மேம்படாது. புற ஊதாக் கதிரைத் தடுப்பதுதான் அதன் வேலை; டிஜிட்டல் சென்சாருக்கு முன்னால் அந்தத் தடுப்பு ஏற்கனவே இருக்கிறது. கண்ணாடி கீறாமல் இருக்க வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறேன். கேமராவைத் தோல் பையோடு பீரோவில் வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து எடுத்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் படர்ந்திருக்கிறது. இரண்டு ஆண்டு உத்தரவாதம் இருந்தும் சர்வீஸ் சென்டரில் கட்டணம் கேட்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: அது பூஞ்சை. உத்தரவாத அட்டையின் பொடி எழுத்துகளைப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் பூஞ்சையை விலக்கியே வைத்திருக்கின்றன. தயாரிப்புக் குறை என்று நிரூபிப்பதும் கடினம். வாங்கிய சில நாட்களிலேயே கண்டிருந்தால் கதை வேறு. இப்போது துடைக்கும் கட்டணத்தை எழுத்தில் வாங்கி, அதே லென்ஸின் பழைய சந்தை விலையோடு ஒப்பிடுங்கள். பூஞ்சை கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் தழும்பு நிற்கும்.

இனிமேல் தோல் பையில் வைக்காதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினட் அலமாரி வாங்க முடியாவிட்டால், ரப்பர் விளிம்புள்ள காற்றுப்புகா டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி போதும். நிறம் மாறிய ஜெல்லை மிதமாகச் சூடாக்கினால் மறுபடி உழைக்கும். ஜெல்லுக்குப் பதில் அரிசி வேண்டாம், மாவுத்தூள்தான் மிஞ்சும். இன்னொன்று: கொடையின் குளிரிலிருந்து வத்தலக்குண்டு வெக்கையில் இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் நீர் பூக்கும்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். நீலகிரிப் படங்களை ஒரே தட்டலில் மாற்றும் என்ற விளம்பரத்தைப் பார்த்து 1,499 ரூபாய்க்குப் படம் திருத்தும் பிரீசெட் தொகுப்பு வாங்கினேன். என் படங்கள் ஆரஞ்சு நிறமாகின்றன. பணம் திரும்பாது என்கிறார்கள்.

பதில்: பிரீசெட் என்பது வேறொருவர், வேறொரு வெளிச்சத்தில் எடுத்த படத்துக்கு நகர்த்திவைத்த அளவுகள். பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடியை விலைக்கு வாங்கியதுபோலத்தான். ஆனால் பொய் விளம்பரம் வேறு விஷயம். விளம்பரத்தையும் உங்கள் படங்களையும் திரைப்பதிவு எடுத்து, விற்ற தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இல்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். நிறம் பிடிக்கவில்லை என்பதை மட்டும் சொன்னால் புகார் நிற்காது. விளம்பரத்தில் வாக்களித்தது எது, கிடைக்காதது எது என்று எழுதுங்கள்.

கேள்வி: உதகையில் கேமராவைப் பில் இல்லாமல் வாங்கினால் 6,000 ரூபாய் குறைத்துத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: கூடாது. பில் இல்லையென்றால் உத்தரவாதமும் சந்தேகம், புகாரும் சந்தேகம். பில் போட்டு வாங்கினால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருந்தாலும் கவலையில்லை. பில்லில் காலக்கெடு இல்லாதபோது, 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம்; 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. கேமராவின் அடியிலும் பெட்டியிலும் உத்தரவாத அட்டையிலும் உள்ள வரிசை எண் ஒன்றுதானா என்று பார்த்து, அதே எண்ணைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.