டாக்டர் பதில்கள்: சுடாத சுடரும் ஆறாத புண்ணும்

என் மாமனாருக்கு 67 வயது. நெடுநாள் சர்க்கரை நோயாளி. வலது பாதத்தில் பெருவிரலுக்கு அடியில் வந்த புண் நாலு மாதமாக ஆறவில்லை. ஜெர்மனியில் இருக்கும் நாத்தனார், "இங்கே குளிர் பிளாஸ்மா என்று ஒரு சுடரைக் காட்டியே புண்ணை ஆற்றுகிறார்கள், அப்பாவை அனுப்பி வையுங்கள்" என்கிறார். உண்மையா? சுட்டுவிடாதா?
– வாசகி, கரூர்

உண்மைதான் அம்மா, சுடாது. பேனா போன்ற கருவிக்குள் ஆர்கான் வாயுவைச் செலுத்தி உயர் மின்னழுத்தம் கொடுத்தால், அது மின்னேற்றம் பெற்ற வாயுவாக, அதாவது பிளாஸ்மாவாக மாறும்; முனையில் ஊதா நிறத்தில் சின்னச் சுடர் நீளும். அதன் நுனிச் சூடு சுமார் 40 டிகிரிக்குள்தான் இருக்கும். புண்ணுக்கு மேலே அதை மெதுவாக நகர்த்திக்கொண்டே போவார்கள். காற்றோடு கலக்கும்போது அதில் உண்டாகும் ஆக்சிஜன், நைட்ரஜன் சேர்மங்கள் கிருமிகளைத் தாக்கும். தோல் செல்களையும் தூண்டிவிடும். ரத்தத்தில் இருக்கும் பிளாஸ்மாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்ட் நகரின் லைப்னிட்ஸ் ஆய்வு நிறுவனத்தில் உருவான இந்த வகைப் பேனாவுக்கு 2013-இல் ஐரோப்பிய மருத்துவக் கருவிச் சான்று கிடைத்தது. அதற்கு முன்பே, விண்வெளி நிலையத்துக்குப் பிளாஸ்மா பரிசோதனை அனுப்பிய ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள், தோல் டாக்டர்களோடு சேர்ந்து இதே ரகச் சிகிச்சையை நோயாளிகளிடம் சோதித்தார்கள். விண்வெளிக்காரர்கள் புண்ணுக்கு மருந்து தேடிய கதையைத் தனியாகவே எழுதலாம்!

உங்களுக்கு வேண்டியது 2020-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு. எல்லோருக்குமே சர்க்கரைப் பாதப்புண். ஒரு பிரிவுக்குப் பிளாஸ்மா, இன்னொரு பிரிவுக்கு வெறும் ஆர்கான் வாயு. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. பிளாஸ்மா பட்ட புண்கள் வேகமாகச் சுருங்கின. ஆனால் கிருமியின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை! எனவே 'கிருமியைக் கொல்லும் ஒளி' என்று யாராவது விற்க வந்தால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன். அப்புறம், இரண்டு பிரிவினருக்குமே வழக்கமான புண் வைத்தியம் நடந்தது. சுடர் அதற்கு மேல் ஒரு கூடுதல் உதவி, அவ்வளவுதான்.

ஆறாத பாதப்புண் என்றால் நான் முதலில் பார்ப்பது செருப்பைத்தான். பெருவிரலுக்கு அடியில்தான் நடக்கும்போது பாரம் விழும். உணர்ச்சி மரத்த காலில் வலி தெரியாது; அவரும் 'பாத்ரூம் வரைதானே' என்று நடந்துகொண்டே இருப்பார். அப்படி நடக்கிறவரை எந்தச் சுடர் பட்டும் அந்தப் புண் மூடாது. புண்ணில் பாரம் விழாமல் தாங்கும் மாவுக்கட்டோ தனிக் காலணியோ போட வேண்டும். சுற்றியிருக்கும் காய்ப்பையும் செத்த சதையையும் சீவி எடுக்க வேண்டும். காலுக்கு ரத்தம் சரியாகப் போகிறதா என்று டாப்ளரிலும், எலும்புவரை சீழ் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரேயிலும் பார்க்கச் சொல்லுங்கள். இத்தனையும் செய்த பிறகும் ஆறவில்லையென்றால் நாத்தனார் சொல்வதை யோசிக்கலாம்.

ஆன்லைனில் மரு எடுக்க 'பிளாஸ்மா பேனா' விற்கிறார்களே, அதையே புண்ணுக்கு வைக்கலாமா?
– வாசகர், தென்காசி

கூடவே கூடாது. அது தோலைப் பொறியால் கருக்கும் சாமான். சர்க்கரைக்காரர் காலில் வைத்தால் இருக்கிற புண்ணோடு புதிதாய் ஒரு தீப்புண்ணும் சேரும்.