சோலனாய்டு மேல் பழி போடாதீர்கள்: கியர்பாக்ஸ் கேள்வி-பதில்

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. ஸ்கேனரில் பி0751 என்ற கோளாறு எண் வருகிறது. சோலனாய்டை மாற்றிவிடலாமா? (ஈரோடு)

அவசரம் வேண்டாம். சோலனாய்டு என்பது கியர் மாற்ற ஆயில் வழியைத் திறந்து மூடும் மின்காந்த வால்வு. பி0750 என்றால் மின்சுற்றைத் தேடலாம். 0751 என்றால் வால்வு சொன்னபடி நகரவில்லை. பெரும்பாலும் அழுக்கு. முதலில் ஆயிலைப் பாருங்கள்.

மீட்டரில் சோலனாய்டு 13 ஓம் என்று சரியாகக் காட்டியும் இரண்டாவது கியர் விழவில்லையே? (நாகர்கோவில்)

மீட்டர் சோலனாய்டின் கம்பிச்சுருளான காயிலைத்தான் அளக்கும், அதற்குள் இருக்கும் தண்டான பிளஞ்சர் நகர்கிறதா என்று சொல்லாது. பிளஞ்சரைச் சுற்றியுள்ள இடைவெளி தலைமுடியின் கனம்கூட இருக்காது. கிளட்ச் பிளேட் தேய்ந்த கரித்தூள் அதில் புகுந்தால் இறுகிவிடும். மின்சாரம் வந்ததும் காயில் காந்தமாகிறது அல்லவா, இரும்புப் பொடியையும் தானே இழுத்துக்கொள்ளும்.

கியர் மாறும்போது வண்டி உதைக்கிறது. என்ன செய்வது?

எந்த வண்டி, எத்தனை கிலோமீட்டர், சூடேறிய பிறகா முன்பா? ஒன்றும் எழுதாமல் வைத்தியம் கேட்டால் எப்படி? விவரமாக எழுதுங்கள். அதற்குள் ஆயிலைப் பாருங்கள்.

கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டான சம்ப்பைக் கழற்றி பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்து, புது ஃபில்டர், ஆயில் போட்டோம். பத்தே நாளில் மூன்றாவது கியரிலேயே நிற்கிறது. (திருப்பூர்)

பனியன் வேஸ்ட்! 20 வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை இதே புகாரோடு வந்த வால்வு பாடியை, அதாவது சோலனாய்டுகள் பொருத்திய பாகத்தைப் பிரித்தேன். சோலனாய்டு வாயில் ஒரு வலை இருக்கும், கொசுவலையைவிடப் பல மடங்கு நெருக்கமானது. அதில் நீல நூல் ஒன்று பின்னிக்கொண்டு, மேலே கரித்தூள் சேறாக அப்பியிருந்தது. சாமணத்தால் இழுத்தேன், விரல் நீளத்துக்கு வந்தது. கழுவி மாட்டியதும் கியர் ஒழுங்காக விழுந்தது. வண்டிக்காரரோ புது சோலனாய்டு செட்டுக்கு முன்பணமே கட்டியிருந்தார்.

பஞ்சு, பனியன், பழைய வேட்டி எதுவும் வால்வு பாடி பக்கம் வரக்கூடாது. நூல் உதிராத துணி வாங்குங்கள், இல்லாவிட்டால் கிளீனர் அடித்து உலரவிடுங்கள். கேஸ்கட்டுக்குப் பதில் சிலிகானைப் பிதுங்கப் பிதுங்கத் தடவுவதும் இதே வினைதான், உள்ளே பிதுங்கியது பிய்ந்து ஆயிலோடு போகும். சம்ப்பை மறுபடி இறக்கி வலையைப் பாருங்கள்.

ஆயில் ரோஸ் மில்க் மாதிரி இருக்கிறது. ஓட்டலாமா? (மதுரை)

கூடவே கூடாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்திருக்கும். கூலன்ட்டில் உள்ள கிளைகால் கிளட்ச் பிளேட்டின் ஒட்டுப்பசையைக் கெடுத்துவிடும், உரிந்ததெல்லாம் சோலனாய்டைத் தேடிப் போகும். ரேடியேட்டரைச் சரிசெய்யாமல் ஆயிலை மட்டும் மாற்றாதீர்கள்.

சம்ப் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை. பயப்பட வேண்டுமா? (கடலூர்)

மை போல வழுவழுப்பாக இருந்தால் சாதாரணம். விரலில் நறநறவென்று உறுத்தினால் வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம், ‘வாழ்நாள் ஆயில்’ என்று யார் சொன்னாலும் சரி, சுமார் 60,000 கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள்.