பட்டாளத்துக்குப் போகும் பார்சல்: கேள்வி பதில்

தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து, டெபுடேஷனில் ராணுவ அஞ்சல் பிரிவுக்குப் போனவன் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி, படை இருக்கும் இடத்திலேயே இயங்கும் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ்களில்தான் கழிந்தது. எல்லையில் இருக்கும் பிள்ளைகளுக்கும், புயல் வெள்ளத்தில் இறங்கி வேலை செய்பவர்களுக்கும் என்ன அனுப்பலாம், எப்படி அனுப்பலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கிறவர் மனசை வைத்துப் பெட்டி கட்டாதீர்கள். வாங்குகிறவர் எந்த உயரத்தில், எந்தக் குளிரில், எத்தனை பேரோடு இருக்கிறார் என்று பார்த்துக் கட்டுங்கள்.

திருவண்ணாமலையிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு முதல் போஸ்டிங். ‘56 ஏ.பி.ஓ.’ என்று மட்டும் விலாசம் கொடுத்திருக்கிறான். ஊர் பெயரே இல்லை. பார்சல் எப்படிப் போய்ச் சேரும்?

கவலைப்படாதீர்கள் அம்மா, ஊர் பெயர் இல்லாததுதான் சரியான விலாசம். ஏ.பி.ஓ. என்றால் ஆர்மி போஸ்ட் ஆபீஸ், ராணுவத் தபால் நிலையம். மகனின் ராணுவ எண், ரேங்க், பெயர், யூனிட், அதற்குக் கீழே 56 ஏ.பி.ஓ., 9-ல் தொடங்கும் பின்கோடு. இவ்வளவு இருந்தால் போதும். 9-ல் தொடங்கும் எண்கள் ராணுவ அஞ்சலுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 56 ஏ.பி.ஓ. தபால் டெல்லியிலுள்ள மத்திய தளத் தபால் நிலையத்துக்கும், 99 ஏ.பி.ஓ. தபால் கொல்கத்தாவில் இருப்பதற்கும் போகும். எந்த யூனிட் இன்று எங்கே இருக்கிறது என்று அங்கே தெரியும். அங்கிருந்து ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ், பிறகு யூனிட்டிலிருந்து தபால் வாங்க வரும் ஜவான், அவர் கையிலிருந்து உங்கள் மகன்.

ஞாபகமாக நீங்களே ‘லடாக்’ என்றோ ‘லே’ என்றோ சேர்த்து எழுதிவிடாதீர்கள். யூனிட் இருக்கும் இடம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. பெட்டியைப் படம் பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும் வேண்டாம். தனியார் கூரியர்காரர்கள் இந்த விலாசத்துக்குப் போவதில்லை. தபால் நிலையத்துக்கே போங்கள்.

மதுரையிலிருந்து ஒரு தங்கை: தீபாவளிக்குப் போய்ச் சேர எப்போது அனுப்ப வேண்டும்? டிராக்கிங்கில் டெல்லிக்குப் பிறகு ஒன்றும் காட்டவில்லை.

டிராக்கிங் பெரும்பாலும் ராணுவ அஞ்சலிடம் ஒப்படைத்தது வரைதான் காட்டும். அதற்குமேல் தெரியவில்லை என்றால் தொலைந்துபோனதாக அர்த்தமில்லை.

அண்ணன் சமவெளியில் இருந்தால் மூன்று வாரம் முன்னால் அனுப்பினால் போதும். மலை மேலே இருந்தால் செப்டம்பர் தொடக்கத்திலேயே அனுப்பிவிடுங்கள். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் பாதை ஜோஜிலா கணவாய் வழியாகப் போகிறது, சுமார் 11,500 அடி. பனி கொட்டினால் அது மூடிக்கொள்ளும். லேக்குப் போகும் இன்னொரு பாதையில், மணாலிப் பக்கம் 2020-ல் அடல் சுரங்கம் திறந்துவிட்டார்கள் என்றாலும், அதற்கு மேலே உள்ள கணவாய்களும் குளிர்காலத்தில் மூடிவிடும். முன்னணிக் காவல் நிலைகளுக்கு ஹெலிகாப்டர்தான். அதில் முதல் இடம் மண்ணெண்ணெய்க்கும் ரேஷனுக்கும் மருந்துக்கும். தபால் மிச்ச இடத்தில் ஏறும். வானிலை கெட்டால் அதுவும் கீழேயே காத்திருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு அக்கா: பால்கோவா, முறுக்கு, அதிரசம், மாங்காய் ஊறுகாய். எது தாங்கும், எது தாங்காது?

பால்கோவா வேண்டாம் அக்கா. உங்கள் ஊர்ப் பெருமைதான், ஆனால் பாதி வழியிலேயே புளித்துவிடும். தம்பி லீவு முடிந்து போகும்போது கையில் கொடுத்து அனுப்புங்கள், ரயிலிலேயே நண்பர்களோடு தின்று தீர்க்கட்டும்.

முறுக்கு, தட்டை, சீடை நன்றாகத் தாங்கும். ஆனால் கடையில் விற்கும் காற்றடைத்த பாக்கெட்டை அப்படியே வைக்காதீர்கள். லே உயரத்தில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 18,000 அடியில் பாதி. கீழே ஒட்டிய பாக்கெட் மேலே போகப் போக உப்பி, ஒட்டிய இடம் பிரிந்துகொள்ளும். வீட்டில் சுட்டதை எண்ணெய் வடிய வைத்து, நன்றாக ஆறிய பிறகு கெட்டிக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டுக் கட்டுங்கள். பிறகு எவர்சில்வர் டப்பாவிலோ கனமான பிளாஸ்டிக் டப்பாவிலோ அடுக்கி, இடைவெளியில் காகிதத்தைத் திணித்துவிடுங்கள். குலுங்கினால்தான் நொறுங்கும்.

அதிரசம் குளிரில் கல்லாகிவிடும். அதனால் அனுப்பக் கூடாது என்பதில்லை. அங்கே கூடாரத்துக்குள் ‘புகாரி’ என்று ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு எரியும், குளிர் காய்வதற்கு. அதன் மேல்தட்டில் ஒரு தகட்டை வைத்து அதிரசத்தைப் போட்டால் இரண்டு நிமிஷத்தில் இளகி வெல்ல வாசனை கிளம்பும். அந்த வாசனைக்குப் பஞ்சாபிக்காரரும் அஸ்ஸாம்காரரும் கைநீட்டிக்கொண்டு வருவார்கள். ஆகவே எண்ணிக்கையைக் கூட்டுங்கள். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் ஆறு அதிரசம் போனால் உங்கள் தம்பிக்கு ஒன்றுகூடக் கிடைக்காது. கொடுத்துவிட்டுத்தான் தின்பான், பட்டாளத்துப் பழக்கம் அது.

ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலில் அனுப்பாதீர்கள். உடைவது ஒரு பக்கம். உயரத்தில் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து, எண்ணெயை மூடி வழியாக வெளியே தள்ளும். பெட்டி முழுக்க எண்ணெயாகி, விலாசமே அழிந்துபோய் வந்த பார்சல்களை நான் துடைத்துப் பிரித்திருக்கிறேன். அதற்குப் பதில் புளிக்காய்ச்சலை எண்ணெய் குறைத்து, நன்றாகச் சுண்ட வதக்கி, காற்றை உறிஞ்சி ஒட்டும் வாக்குவம் பேக் போட்டு அனுப்புங்கள். இப்போது சின்ன ஊர்ப் பலகாரக் கடைகளிலும் அந்த மெஷின் இருக்கிறது.

என்னைக் கேட்டால் பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது பொடி. பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி, வீட்டு சாம்பார் பொடி. உயரத்தில் பசி மந்தித்துவிடும், நாக்குக்கு உறைப்பும் புளிப்பும் கேட்கும். லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல்கூடத்தில், சோறு இருக்கும், குக்கரில் வைத்த சோறு. தொட்டுக்கொள்ள தினமும் ராஜ்மாவும் டாலும்தான். இரண்டு ஸ்பூன் பருப்புப் பொடி அங்கே பெரிய விருந்து. எடை குறைவு, கெடாது, உடையாது. கொப்பரைத் தேங்காய் மட்டும் வைக்காதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானச் சரக்கில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு.

தென்காசியிலிருந்து ஒரு சகோதரி: கணவருக்கு உதடு, கை எல்லாம் வெடிக்கிறதாம். தேங்காய் எண்ணெய், தைலம், ஸ்வெட்டர் அனுப்பலாமா? தூக்கமும் வரவில்லை என்கிறார்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழேயே உறைந்துவிடும். திரவம் எதுவும் தபாலில் சிக்கல்தான். வாசலின் டப்பா, உதட்டுக்குப் பூசும் பாம் குச்சி நாலைந்து, வலிக்குப் பூசும் கெட்டியான பாம் அனுப்புங்கள். ஸ்ப்ரே டப்பா கூடவே கூடாது.

ஸ்வெட்டர், ஜாக்கெட்டுக்குக் காசைக் கொட்டாதீர்கள். உயரமான இடங்களுக்குத் தனி உடை ராணுவமே தருகிறது, கடையில் கிடைப்பதைவிட நல்லது. கம்பளி சாக்ஸ் அனுப்புங்கள், எத்தனை ஜோடி இருந்தாலும் போதாது. வியர்வை பட்ட சாக்ஸோடு நின்றால் கால் விரல் முதலில் அடி வாங்கும். காயவைக்க வெயில் கிடைக்காத இடத்தில் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி இருப்பது பெரிய விஷயம்.

தூக்க மாத்திரை அனுப்பவே அனுப்பாதீர்கள் அம்மா. ஆக்ஸிஜன் குறைந்த உயரத்தில் அது மூச்சையே மந்தமாக்கும், உயிருக்கு ஆபத்து. தூக்கம் வராதது அந்த உயரத்தில் பலருக்கும் உள்ளதுதான். யூனிட் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கோவையிலிருந்து ஒரு தம்பி: அண்ணனுக்குப் பவர் பேங்க்?

தபாலில் கூடாது தம்பி. தனியாக அனுப்பும் லித்தியம் பேட்டரி விமானத்தில் தீப்பிடிக்கும் அபாயம். லீவில் வரும்போது வாங்கிக் கொடு, விமானத்தில் கைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம்.

விசாகப்பட்டினத்தில் கடற்படைக் கப்பலில் இருக்கும் தம்பிக்கு?

ஏ.பி.ஓ. இல்லை. கப்பல் பெயர் போட்டு, ஃப்ளீட் மெயில் ஆபீஸ் என்று அந்தத் துறைமுகத்தின் விலாசம் எழுதுங்கள். கப்பல் கடலில் இருந்தால் கரை திரும்பிய பிறகுதான் கையில் கிடைக்கும். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள இடம், நமத்துப்போகும் பலகாரம் வேண்டாம்.

கரூரிலிருந்து ஓர் ஆசிரியை: எங்கள் மாணவர்கள் சியாச்சின் வீரர்களுக்கு இனிப்பும் கடிதமும் அனுப்ப ஆசைப்படுகிறார்கள். யாரையும் தெரியாது.

இனிப்பை விட்டுவிடுங்கள் டீச்சர். யார் அனுப்பினார்கள் என்று தெரியாத தின்பண்டத்தை எந்த யூனிட்டும் ஜவான்களுக்குக் கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. கடிதம் அனுப்புங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்க் கேட்டால் வழி சொல்வார்கள். டிசம்பர் 7 கொடிநாள், 1949 முதல் நடக்கிறது. பிள்ளைகள் சேர்த்த காசு இருந்தால் அந்த நிதிக்குக் கொடுங்கள், வீரர்களின் குடும்பங்களுக்குப் போகும்.

கடிதத்தில் ‘எங்களைக் காக்கும் தெய்வமே’ என்று நாற்பது பிள்ளைகளும் ஒரே வாசகத்தைப் பார்த்து எழுத வேண்டாம். எங்கள் ஊர் ஆற்றில் இந்த வருஷம் தண்ணீர் வந்தது, எங்கள் வீட்டு ஆடு குட்டி போட்டது, நீங்கள் அங்கே எப்படிக் குளிப்பீர்கள் என்று எழுதட்டும். அப்படி வந்த கடிதங்களை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பதைப் பார்த்திருக்கிறேன். தமிழிலேயே எழுதலாம், படித்து இந்தியில் சொல்ல ஒரு தமிழன் எங்கேயும் இருப்பான். பிள்ளையின் வீட்டு விலாசம், போன் நம்பர் வேண்டாம். பள்ளி விலாசம் போதும்.

கடலூரிலிருந்து இளைஞர் மன்றம்: புயல் வந்தால் தீயணைப்பு வீரர்கள், அரக்கோணத்திலிருந்து வரும் தேசிய பேரிடர் மீட்புப் படையினருக்கு உதவ நினைக்கிறோம். பிஸ்கட்டும் தண்ணீரும் வாங்கி வைக்கலாமா?

பிஸ்கட் எல்லோரும் கொண்டுவருவார்கள், மூட்டை மூட்டையாக மிஞ்சும். நீங்கள் அவர்களுடைய கால்களை நினையுங்கள். நாள் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நிற்பவருக்குப் பாதம் ஊறி வெளுத்துத் தோல் உரியும். காய்ந்த துண்டு, இரண்டு ஜோடி சாக்ஸ், பாதத்துக்குப் போடும் பவுடர், சோப்பு, உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், கடலை மிட்டாய், சின்னத் தார்ப்பாய்ப் பை ஒன்று. ஒரு ஆளுக்கு ஒரு பை என்று மழைக்காலத்துக்கு முன்னாலேயே கட்டிவைத்துவிடுங்கள். பெண் காவலர்களும் செவிலியர்களும் அந்த வேலையில் இருக்கிறார்கள். நாப்கின் வைத்த பைகள் தனியாக இருக்கட்டும், பெண்கள் கையால் கொடுங்கள். எலிக்காய்ச்சல் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அது சுகாதாரத் துறையின் வேலை.

சூடான சாப்பாடு கொடுப்பதானால், மீட்பு நடக்கும் இடத்துக்கே ஆட்டோவில் போய்க் கூட்டம் கூட்டாதீர்கள். தீயணைப்பு நிலைய அலுவலரிடமோ தாசில்தார் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையிலோ முன்கூட்டிப் பேசி, எங்கே, எத்தனை பேருக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையில் பிடித்து நின்றபடி தின்னும்படி இருக்கட்டும்: பொட்டலம் கட்டிய புளிசாதம், எலுமிச்சை சாதம்.

இன்னும் ஒரு கூட்டத்தை மறந்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்றில் கம்பத்தைத் தோளில் சுமந்து போய் நட்டார்கள். அவர்களும் தூய்மைப் பணியாளர்களும் கேமராவில் வருவதில்லை, பையும் கிடைப்பதில்லை. உங்கள் பட்டியலில் அவர்களை முதலில் எழுதுங்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து ஓர் அண்ணன்: மகள் அமெரிக்க ராணுவத்தில் வெளிநாட்டில் இருக்கிறாள். அதே முறைதானா?

அங்கேயும் ஏ.பி.ஓ. என்றே எழுதுவார்கள், நாட்டின் பெயரை எழுதினால் வெளிநாட்டுத் தபாலில் கலந்து சுற்றும். உள்நாட்டுக் கட்டணம்தான், ஆனாலும் சுங்கப் படிவம் வேண்டும். அமெரிக்கத் தபால் துறை இதற்கென்றே பெட்டிகளை இலவசமாகத் தருகிறது, கேட்டு வாங்குங்கள். மற்றபடி பொடிகள் அவளுக்கும் பொருந்தும்.

விருதுநகரிலிருந்து ஓர் அப்பா: அனுப்பிய பார்சல் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. மகன் யூனிட் மாறவில்லை என்கிறான்.

விலாசத்தை எடுத்துப் பாருங்கள் ஐயா. ராணுவ எண்ணோ பின்கோடில் ஒரு இலக்கமோ விட்டுப்போயிருக்கலாம். ஒரே யூனிட்டில் முருகனும் குமாரும் எத்தனையோ பேர், எண் இல்லாமல் ஆளைப் பிடிக்க முடியாது. லீவில் இருந்தாலோ கோர்ஸுக்குப் போயிருந்தாலோகூடத் திரும்பலாம், அனுப்புவதற்கு முன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இந்த முறை புது அட்டைப்பெட்டி எடுங்கள். விலாசத்தை அழியாத மையில் மேலே எழுதி, அதே விலாசத்தையும் உங்கள் விலாசத்தையும் ஒரு தாளில் எழுதி உள்ளேயும் வையுங்கள். வெளியே நனைந்து கிழிந்தாலும் பிரித்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். பலகாரம் கெட்டிருந்தால் மாற்றுங்கள், பொடியும் சாக்ஸும் அப்படியே போகலாம்.