ஒமகாசே பில் ஏன் கூடுதலாக வந்தது?

சுஷிக் கடையில் (சோற்றின்மேல் மீன் வைத்துத் தரும் ஜப்பானிய உணவு) உங்களை ஏமாற்றியதாகத் தெரியவில்லை. 15,000 யென் ஒமகாசே, அதாவது என்ன தருவது என்பதைச் சமையல்காரரிடமே விட்டுவிடும் விருந்து, 22,000 ஆனதற்கு, கடைசியில் நீங்கள் "இன்னொன்று" என்று கேட்டு வாங்கிய ஓட்டோரோவும் (டூனா மீனின் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதி) உனியும்தான் (கடல் முள்ளெலி) காரணமாக இருக்கும்.

சமையல்காரரே தேர்ந்து ஒவ்வொன்றாக வைப்பது மட்டும்தான் அந்த விலைக்குள் வரும். லேசான இனிப்போடு முட்டைத் துண்டு, அதாவது தாமாகோ, வந்துவிட்டால் பெரும்பாலும் கோர்ஸ் முடியப்போகிறது. அப்புறம் "வேறு ஏதாவது வேண்டுமா?" என்பார். அங்கிருந்து துண்டுக்குத் துண்டு தனிக் கணக்கு, எதிரே விலைப்பலகையும் பெரும்பாலும் இருக்காது. சாதாரணக் கடைகளில் இந்தத் தொல்லை இல்லை: தட்டுகள் சுழன்று வரும் கைத்தென் கடைகள் பலவற்றில் தட்டின் நிறமே விலையைச் சொல்லிவிடும், செட் என்றால் நாமி (சாதாரணம்), ஜோ (உயர்தரம்), தொகுஜோ (மிக உயர்தரம்) என்று தரத்துக்கு ஒரு விலை. (முதல் தடவைக்கு மதியச் செட்தான் என் சிபாரிசு.)

முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து, 10% நுகர்வு வரி அந்த 15,000-க்குள் அடக்கமா, சேவைக் கட்டணம் தனியா என்று பாருங்கள். சாகே (ஜப்பானிய அரிசி மது) குடித்திருந்தால் அதுவும் பெரும்பாலும் தனிதான்.

ஆனால் எல்லாக் கடையும் இப்படி இல்லை. சிலவற்றில் நீங்கள் "போதும்" என்று சொல்லும்வரை வைத்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே உட்காரும்போதே பட்ஜெட்டைச் சொல்லிவிடுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.