விக்கிப்பீடியா யார் கையில இருக்கு? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பத்து வருஷத்துக்கு மேல விக்கில தொகுத்துக்கிட்டு இருக்கேன். சொந்தமா எழுதினத விட அடுத்தவங்க எழுதினத திருத்தினதுதான் அதிகம். நேத்து ஒருத்தர் 'அங்க எல்லாம் ஒரு கும்பல் ராஜ்ஜியம்'னு சொன்னாரு, அதுல இருந்து கேள்வி வந்துகிட்டே இருக்கு, ஒண்ணொண்ணா வர்றேன்.

கே: அண்ணா, யார் வேணா எழுதலாம்னு சொல்றாங்க, நான் எழுதினா அஞ்சு நிமிஷத்துல தூக்கிடறாங்களே?

என் மொத கட்டுரையும் ஒரு நாள் தாங்கல தம்பி, அதனால கோவம் புரியுது. எழுதறதுக்கு யார் அனுமதியும் வேணாம், ஆனா எழுதினது அங்க நிக்கணும்னா மத்தவங்க விடணும், விஷயமே அதுலதான் இருக்கு. ஒவ்வொரு மாத்தமும் 'அண்மைய மாற்றங்கள்'ல ஓடிக்கிட்டே இருக்கும், அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவங்க இருக்காங்க, அது போக அவங்கவங்க கவனிப்புப் பட்டியல்ல போட்டு வச்சிருக்க பக்கத்த தொட்டீங்கன்னா உடனே தெரிஞ்சிடும். உங்க எழுத்த தூக்கினது பெரும்பாலும் நிர்வாகியா இருக்காது, உங்கள மாதிரி ஒரு பயனர்தான். ஆங்கில விக்கில மனுஷனே இல்லாம பாட் (தானா ஓடற நிரல்) கூட தூக்கும். பக்கத்தோட வரலாறுல போய் தொகுப்புச் சுருக்கம்னு என்ன காரணம் போட்டிருக்காங்கன்னு படிச்சுட்டு, அந்தக் கட்டுரைய பத்தி விவாதிக்கற பேச்சுப் பக்கத்துல கேளுங்க. வீம்புக்கு திரும்பத் திரும்ப போடாதீங்க, ஆங்கில விக்கில 24 மணி நேரத்துல ஒரே பக்கத்த மூணு தடவைக்கு மேல மீளமைச்சா, அதாவது மத்தவங்க மாத்தினத பழையபடி ஆக்கினா, தடை போட்டுடுவாங்க, உங்க பக்கம் நியாயம் இருந்தாலும் சரி.

கே: அப்ப நிர்வாகிதான் முதலாளியா?

இல்லங்க. பக்கத்த நீக்கலாம், பூட்டலாம், ஆள தடை செய்யலாம், அவ்வளவுதான் அவங்க பவர், அதனாலதான் அங்க அத துடைப்பம்னு கிண்டலா சொல்றது. கட்டுரைல என்ன வரணும்ங்கறதுல அவருக்கும் உங்களுக்கும் ஒரே குரல்.

நெஜமான அதிகாரம் எங்கன்னா, சலிக்காம உக்காந்திருக்கவங்க கிட்ட. ஒரு அரசியல்வாதி கட்டுரைல 'சொன்னார்'னு இருந்தத ஒருத்தர் 'ஒப்புக்கொண்டார்'னு மாத்தினாரு. ஒரே ஒரு சொல்லுதான், ஆனா ஒப்புக்கொண்டார்னா ஏதோ தப்பு பண்ணி மாட்டின மாதிரி ஆயிடுதில்ல? எதிர்ப்பக்கத்துக்காரர் 'விளக்கினார்'னு போட, அப்புறம் பேச்சுப் பக்கம் மூணு வாரம் ஓடுச்சு. நான் ரெண்டாவது வாரமே கழண்டுட்டேன். கடைசில 'சொன்னார்'தான் நின்னுச்சு. அது சரியான முடிவுதான், ஆனா சரிங்கறதுக்காக மட்டும் நிக்கல, அதுக்கு வாதாடினவர் தினமும் வந்து பதில் போட்டாரு, மத்தவங்களுக்கு வேலை வெட்டி இருந்துச்சு. அங்க ஓட்டெண்ணிக்கைய விட இணக்க முடிவுக்குத்தான் (பேசி ஒத்துக்கிட்ட முடிவு) மதிப்புன்னு சொல்லுவாங்க, கடைசி வரைக்கும் யார் இருந்தாங்களோ அவங்க இணக்கம்னு நான் சொல்லுவேன்.

கே: நோபல் வாங்கினவங்களுக்கே கட்டுரை இல்லாம இருந்துச்சாமே, நெஜமா?

நெஜம். டோனா ஸ்ட்ரிக்லண்ட், இயற்பியல்காரங்க. அவங்கள பத்தின வரைவு ஆங்கில விக்கில வந்துச்சு, அவங்கள பத்தி மத்தவங்க எழுதின சான்று போதாதுன்னு 2018 மே மாசம் திருப்பி அனுப்பிட்டாங்க. அக்டோபர்ல நோபல் அறிவிச்சாங்க. திருப்பி அனுப்பினவர் விதிப்படிதான் செஞ்சாரு, கெட்ட எண்ணம்னு நான் நெனைக்கல. ஆனா பத்திரிகைங்க பெண் விஞ்ஞானிகள பத்தி எழுதலன்னா சான்று எங்க இருந்து வரும்? வெளிய இருக்க ஓரவஞ்சனை அப்படியே உள்ள வந்துடுது.

கே: காசு குடுத்தா கட்டுரை போட்டுத் தர்றேன்னு ஒரு ஆள் மெயில் அனுப்பியிருக்காரு சார், நம்பலாமா?

வேணாம் சார். 2015-ல ஆங்கில விக்கில ஒரே கும்பலோட 381 கைப்பாவை கணக்க (வேற வேற ஆள் மாதிரி காட்டிக்கற போலிக் கணக்கு) ஒரே சமயத்துல தடை செஞ்சாங்க. வரைவு நிராகரிக்கப்பட்ட சின்ன கம்பெனிகளையும் ஆட்களையும் தேடிப் புடிச்சு, நாங்க ஏத்தி விடறோம், காசு குடுன்னு கேட்டிருக்காங்க. காசு வாங்கி தொகுக்கறதே தப்புன்னு இல்ல, வெளிப்படையா சொல்லணும்னு 2014-ல இருந்து பயன்பாட்டு விதிலயே இருக்கு. உங்க ஆள் சொல்லப் போறதில்ல.

கே: சின்ன மொழி விக்கில நாலு பேர் சேந்தா மொத்தத்தையும் புடிச்சுடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். புடிச்சிருக்காங்க. குரோவேஷிய விக்கிப்பீடியாவ ஒரு சின்ன நிர்வாகி குழு வருஷக்கணக்கா கையில வச்சுக்கிட்டு, ரெண்டாம் உலகப்போர் கால பாசிச ஆட்சி பண்ணின கொடுமைய எல்லாம் பூசி மெழுகி எழுதினாங்க, எதிர்த்து கேட்டவங்கள தடை செஞ்சுட்டாங்க. அங்க விதிகளுக்கு ஒண்ணும் கொறைவில்ல, அத வச்சு கேள்வி கேக்க ஆள்தான் மிச்சமில்ல. 2020-ல தான் அந்தப் பிடி விட்டுச்சு, அடுத்த வருஷம் விக்கிப்பீடியாவ நடத்தற விக்கிமீடியா அறக்கட்டளை அத பத்தி ஒரு அறிக்கையே போட்டுச்சு. இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்துல பேசற ஸ்காட்ஸ் மொழி விக்கி, அங்க சதியெல்லாம் இல்ல, அந்த மொழியே சரியா தெரியாத ஒரு அமெரிக்க பையன் ஆயிரக்கணக்குல கட்டுரை எழுதி குவிச்சிருக்கான், 2020-ல வெளிய வர்ற வரைக்கும் யாரும் தடுக்கல, ஏன்னா பாக்கறதுக்கே ஆள் இல்ல.

கே: அறக்கட்டளை நெனச்சா எல்லாரையும் வெளிய அனுப்பிடலாம்ல?

சர்வர் அவங்களோடது, முடியும். ஆனா எழுதறவன் போயிட்டா வெறும் சர்வர வச்சு என்ன பண்றது? 2002-லயே விளம்பரம் வரப்போகுதுன்னு பேச்சு வந்தப்ப ஸ்பானிஷ் விக்கில எழுதினவங்க நெறைய பேர் கட்டுரைகள அப்படியே எடுத்துக்கிட்டு தனிக்குடித்தனம் போயிட்டாங்க. விக்கி எழுத்த யார் வேணா எடுத்துக்கலாம்ங்கற உரிமம் அதுக்கு எடம் குடுக்குது. விக்கிப்பீடியால இன்னிக்கு வரைக்கும் விளம்பரம் வரல, பாத்துக்கோங்க.

கே: நான் எங்க ஆரம்பிக்கறது?

மணல்தொட்டின்னு பழகறதுக்குன்னே ஒரு பக்கம் இருக்கு, அதுல கொஞ்சம் எழுதிப் பழகுங்க. அப்புறம் 'சான்று தேவை'ன்னு தொங்கிக்கிட்டிருக்க ஒரு வரிய எடுத்து, நல்ல சான்றா தேடிப் போடுங்க. அத யாரும் தூக்க மாட்டாங்க.