புள்ளியியலில் தானே திருத்தும் பயிற்சிகள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

"தப்பு, மறுபடி முயற்சி செய்" என்று கணினி சொல்வதால் மாணவனுக்கு என்ன லாபம், சார்?

அதோடு நின்றால் லாபமே இல்லை. 4, 6, 8, 10, 12 என்ற மாதிரிக்கு (sample, அதாவது பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த சில எண்கள்) திட்ட விலக்கம் கேளுங்கள். விடை 3.16. ஒருவன் 2.83 என்று போட்டால், விலகல் வர்க்கங்களின் கூட்டுத்தொகையை எண்ணிக்கையில் ஒன்று குறைத்து 4 ஆல் வகுக்காமல் 5 ஆல் வகுத்திருக்கிறான். 10 என்று போட்டவன் வர்க்கமூலம் எடுக்க மறந்துவிட்டான். இரண்டாமவனுக்கு அவசரம், அவ்வளவுதான். முதலாமவனுக்குத்தான் நாம் பாடம் நடத்த வேண்டும்.

மூடுல் (Moodle) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் எண் விடைக் கேள்வி அமைக்கும்போது, எதிர்பார்க்கும் ஒவ்வொரு தவறான எண்ணுக்கும் தனிக் குறிப்பு எழுதலாம். 2.83-க்கு நான் எழுதியிருப்பது: "சராசரியையும் இதே ஐந்து எண்களிலிருந்துதான் எடுத்தோம். விலகல்களின் கூட்டுத்தொகை பூஜ்யம். நான்கு விலகல் தெரிந்தால் ஐந்தாவதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?" விடையைச் சொல்லவில்லை, அவனே போய்ச் சேரட்டும். இப்படிக் குறிப்பு எழுதப் பழைய விடைத்தாள்களைப் புரட்டுங்கள். பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்பது அங்கேதான் இருக்கிறது.

ஒருத்தி விடையை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால்?

ஆளுக்கு வேறு வேறு எண்களில் கணக்குக் கொடுங்கள். புள்ளியியலுக்கான 'ஆர்' (R) என்ற கணினி மொழியில் 'எக்ஸாம்ஸ்' (exams) என்றொரு இலவசத் தொகுப்பு இருக்கிறது. ஒரே கணக்கை எண்களை மாற்றி நூறு பேருக்கு நூறு விதமாகத் தரும், மூடுலுக்கும் ஏற்றலாம். கணினி வசதி இல்லாத கல்லூரியா? தாளில் அச்சிட்டும் கொடுக்கலாம்.

என் மாணவி சரியாகப் போட்டும் தவறு என்று வந்தது. ஏன்?

தசம இலக்கம்தான் காரணமாக இருக்கும். எனக்கும் நடந்தது. விடையை 3.1623 என்று வைத்து, எவ்வளவு வித்தியாசம் ஏற்கலாம் என்பதைக் குறிக்காமல் விட்டுவிட்டேன். 3.16 என்று போட்ட பெண் நோட்டோடு வந்து நின்றாள். ஒவ்வொரு படியும் சரி. "நாலு தடவை போட்டுப் பார்த்தேன் சார், எனக்குக் கணக்கு வராதுன்னு நினைச்சேன்" என்றாள். அன்றிலிருந்து 0.01 வரை ஏற்கும்படி வைக்கிறேன். வெளியிடும் முன் ஒவ்வொரு கேள்வியையும் நானே மாணவனாக உள்ளே போய்ப் போட்டுப் பார்க்கிறேன்.

பி-மதிப்பின் பொருளையும் கணினி திருத்துமா?

சொந்த வாக்கியத்தில் எழுதினால் நீங்களே படியுங்கள். இன்மைக் கருதுகோள், அதாவது 'விளைவு எதுவும் இல்லை' என்ற ஊகம், உண்மையானால் இவ்வளவு அல்லது இதைவிட விலகிய முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி-மதிப்பு. ஆனால் "பி 0.03 என்றால் இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 3% வாய்ப்பு" என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். அந்த வாக்கியத்தையே அடுத்த ஆண்டு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் ஒரு தெரிவாக வையுங்கள். அதைத் தொட்டவருக்கு, இன்மைக் கருதுகோளை உண்மை என்று வைத்துக்கொண்டுதான் அந்த 0.03-ஐயே கணக்கிட்டோம் என்று குறிப்பு வரட்டும்.